ஹலோவுக்குப் பிறகு

செப்டம்பர் 22, ஞாயிறு

நாய் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். திருட்டுப் பயத்துக்காக. எங்கள் புத்தூரில் போன மாதம் மட்டும் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

சின்ன நாயாக இருக்க வேண்டும். பெரிய நாய் இழுத்த இழுப்புக்கெல்லாம் போக என் முழங்கால் ஒத்துழைக்காது. சின்ன நாய் திருடனை என்ன செய்துவிடும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லையே.

வெள்ளை பொமரேனியன். அதையும் முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து நேற்று முன்தினம் வரை வெற்றுத்தாள். எழுதும்படி எதுவும் நடக்கவுமில்லை.

முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பால்காரர் மணியடித்தது, பேப்பர் வாசலில் வந்து விழுந்தது, எல்லாம் தரையில் கிடந்தபடியே கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, அன்றைக்கு யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பிறகு நானாகவே எழுந்து ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 25, புதன்

காதர் டாக்டரைப் பார்க்கப் போனேன். கால்நடை மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முன்னறையில் நாய், பூனை, கிளி என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஹலோவுக்குக் கடைசி வரை ஊசி போட்டவர் அவர்தான்.

ஹலோ என்பது நாயின் பெயர். நானும் பிலோமினாவும் வளர்த்த நாய். பிலோவும் நானும் ஒரே எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். வாடகை மிச்சமாகும் என்று ஒரே வீட்டில் குடியிருந்தோம். முதலில் ஆறு மாதத்துக்கு என்றுதான் பேச்சு. முப்பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. போன டிசம்பரில் அவள் போய்விட்டாள். ஹலோ அதற்கு ரொம்ப காலம் முன்பே போய்விட்டது.

"வாங்க வாங்க, ரெண்டு அம்மா நாயோட சின்னம்மா!" என்று டாக்டர் எழுந்து வந்தார். அந்தக் காலத்தில் இவர் கிளினிக்கில், "நாய்க்கு யாரு அம்மா?" என்று கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே கூட்டம் உட்கார்ந்திருக்கும்போதே, "ரெண்டு அம்மா நாய் உள்ள வரலாம்" என்று கத்துவார். எனக்கு மானம் போகும். பிலோ சிரிப்பாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"குட்டி வாங்கப் போற எடத்துல முதல்ல குட்டியப் பாக்காதீங்கம்மா. பாத்தா புத்தி வேலை செய்யாது. தாயக் காட்டச் சொல்லுங்க. காட்டலன்னா செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்பிருங்க" என்றார். பிறகுதான் குட்டியாம். கண்ணில் பீளை இருக்கக்கூடாது, ஈறு ரோஜா நிறமாக இருக்க வேண்டும், காதில் நாற்றம் வரக்கூடாது, வயிறு உப்பியிருந்தால் பூச்சி. தாயிடம் இரண்டு மாதமாவது பால் குடித்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு. நாய் பதினஞ்சு வருஷம் இருக்கும். உங்களுக்கு எழுபது ஆச்சு. வளந்த நாயா எடுத்தா என்ன?"

"எனக்குத் தொண்ணூறு வரைக்கும் வேலை இருக்கு டாக்டர்" என்றேன். என்ன வேலை என்று நல்ல வேளையாக அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 28, சனி

காலையிலிருந்து போன். விளம்பரத்தில் இருந்த நம்பர்கள், கடைக்காரர்கள் கொடுத்த நம்பர்கள் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் போட்டேன். முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே ஆளை எடை போடுவது எங்கள் தொழில். வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்கிறவன் சாவுச் செய்தி சொல்லப் போகிறானா, கடன் கேட்கப் போகிறானா என்று ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே பிலோவுக்குத் தெரிந்துவிடும்.

ஒருவன் எடுத்ததும் "சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். வைத்துவிட்டேன். இன்னொருவருக்கு நாயைவிடக் கூண்டு விற்பதில்தான் அக்கறை. கடைசியாக லால்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர். என்ன குரல்! ரேடியோவில் செய்தி வாசித்திருக்க வேண்டிய ஆள். "நாங்க நாய விக்கிறதில்லம்மா, கட்டிக் குடுக்குறோம்" என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ இருமியது. மனித இருமல் இல்லை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 2, புதன்

லால்குடிக்குப் போய் வந்தேன். எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆளும் குரலைப் போலவே லட்சணமாகத்தான் இருந்தார். மோர் கொடுத்தார். "தாயைக் காட்டுங்க" என்றேன், டாக்டர் சொன்னபடி.

"தாயி ஊருக்குப் போயிருக்கும்மா."

"நாய் எந்த ஊருக்குப் போகும்?"

"மச்சான் வீட்டுக்கு. காவலுக்குக் கேட்டாப்ல." முகத்தில் ஒரு சலனம் இல்லை. கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் பின்பக்கமிருந்து குட்டியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

வெள்ளை. ஹலோ வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. மூக்கை என் விரல் இடுக்கில் நுழைத்துக்கொண்டது. ஹலோவும் இப்படித்தான் செய்யும். ஐந்து நிமிடம் நான் எதையும் பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். கண் ஓரத்தில் பீளை, வயிறு உப்பல், காதுக்குப் பின்னால் முடி கொட்டி வட்டமாகச் சொட்டை. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்துக் கிடந்தது. வாசலுக்கு வந்து டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வச்சிட்டு வாங்கம்மா" என்றார்.

"விட்டுட்டு வந்தா இது செத்துப்போயிரும் டாக்டர்."

"நீங்க வாங்கினா அவன் அந்தத் தாயை இன்னொரு ஈத்துக்கு விடுவான். முகவரியச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டு வந்தேன். கீழே விட்டதும் அது என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட் பெண், "கண்ணுல என்னம்மா?" என்றாள். தூசி என்றேன். ஜன்னல் மூடியிருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

சமைக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. துணிகளை உள்ளே எடுத்து, திரும்ப வெளியே போட்டேன். சும்மா இருக்கிற நேரத்தில் ஹலோ வந்த கதையை எழுதலாம்.

எண்பத்தெட்டாம் வருடம். பொன்மலை ரயில்வே காலனியில் மிஸஸ் ரொசாரியோ என்று ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. மகன் ஆஸ்திரேலியாவில். மாதம் ஒருமுறை அவனோடு பேசக் கால் புக் செய்வார், லைன் கிடைக்கும் வரை பிலோவோடு பேசிக்கொண்டிருப்பார். அவரும் மகனோடு போய்விட முடிவானதும், தன் நாய் போட்ட கடைசிக் குட்டியை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார்.

சும்மா தரவில்லை. கேக் கொடுத்து, டீ கொடுத்து, ஒரு போலீஸ் விசாரணையே நடத்தினார். தாய் நாய் காலடியில் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கடைசியில் தன் உடைந்த தமிழில் கேட்டார்: "நீ ரெண்டு பேர் கல்யாணம் கட்டிப் போனா, என் பேபியை யார் பாக்கும்?"

நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன். அந்தச் சமயம் எனக்குக் கும்பகோணத்தில் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. பிலோ கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "நாங்க எங்கயும் போறதா இல்ல மேடம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன். "நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. என்னைக் கேட்டியா?"

"இப்ப கேக்கறேன்" என்றாள்.

குட்டி என் மடியில் மூத்திரம் போயிருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் நான் பதில் சொல்லவில்லை. கும்பகோணத்துக்கு மட்டும் மறுநாள் கடிதம் போட்டேன், வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்த அன்று போன் அடித்தது. பிலோ எடுத்து "ஹலோ" என்றதும் சமையலறையிலிருந்த குட்டி விழுந்தடித்து ஓடி வந்தது. அடுத்த முறையும் வந்தது. அப்புறம் வேறு பெயர் எதற்கு? தெருவில் நின்று "ஹலோ! ஹலோ!" என்று நான் கத்தினால் போகிற ஆண்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். "உங்கள இல்லீங்க, நாயைக் கூப்பிடறாங்க" என்று பிலோ மொட்டை மாடியிலிருந்து விளக்கம் கொடுப்பாள்.

கோடை விடுமுறை முழுக்க பிலோவின் தம்பி மகள் ரெஜினா எங்களோடுதான். தீப்பெட்டியில் நூல் கட்டி, நாங்கள் மூன்று பேரும் எக்ஸ்சேஞ்ச் விளையாடுவோம். அப்போதெல்லாம் ட்ரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து கேட்க வேண்டும்: "மூணு நிமிஷம் ஆயிடுச்சு. கட் பண்ணட்டுமா, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" வீட்டில் நான் எதற்காவது கத்த ஆரம்பித்தால் பிலோ மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலில் இதையே கேட்பாள். "எக்ஸ்டெண்ட்!" என்று சொல்லிவிட்டு நான் தொடர்ந்து கத்துவேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிடும். ரெஜினாவும் அதைக் கற்றுக்கொண்டு, அவளுக்கு நாங்கள் பாடம் சொல்லித்தரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

ரெஜினாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 9, புதன்

காதர் டாக்டர் போன் செய்தார். அவருக்குத் தெரிந்த ஆட்கள் லால்குடிக்காரரின் கொட்டகைக்குப் போய் நாய்களையெல்லாம் மீட்டுவிட்டார்களாம். மணிகண்டம் தாண்டி ஒரு காப்பகம் இருக்கிறது, அங்கே வைத்திருக்கிறார்கள். தாயும் கிடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் போகவில்லை, பின்பக்கக் கூண்டில்தான் இருந்திருக்கிறது.

உடனே காப்பகத்துக்குப் போன் போட்டேன். சுடரொளி என்று ஒரு பெண் எடுத்தாள். நடத்துவதே அவள்தானாம். குரல் கறாராக இருந்தது. இந்த முறை நான் குரலை நம்பவில்லை.

"அந்தக் குட்டி தேறிட்டு வருதும்மா. தாய்கூட இருக்கு. ஆனா அது ஒரு குடும்பத்துக்குச் சொல்லியாச்சு. உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"அப்ப குட்டியே தர மாட்டோம். பெரிய நாய் இருக்கு, வந்து பாருங்க."

வைக்கப் போனேன். அப்போது பின்னால் ஒரு நாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. குட்டையான, கொஞ்சம் கரகரத்த குரைப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹலோவின் குரல்.

"அது எந்த நாய்?" என்றேன். "அதுவா, பட்டாணி" என்றாள்.

அக்டோபர் 12, சனி

காப்பகத்துக்குப் போனேன். விஜயதசமி, நல்ல நாள்தான்.

பட்டாணி வெள்ளை இல்லை. பொமரேனியனும் இல்லை. கறுப்பும் பழுப்புமாய், குட்டைக் கால்களும் நீளமான உடம்புமாய் ஒரு ஜந்து. ஒரு காது நிமிர்ந்திருக்கிறது, இன்னொன்று படுத்துவிட்டது. வயது ஆறு இருக்கலாம் என்றாள் சுடரொளி. குரலை வைத்து எடை போட்டதில் இரண்டாவது தடவையும் ஏமாந்தேன்.

"நான் தேடினது வெள்ளை" என்றேன்.

"சரிம்மா. வந்ததுக்கு உக்காந்துட்டுப் போங்க." தரையில் ஒரு பாயைப் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். முழங்காலைச் சபித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பட்டாணி வாலாட்டவில்லை, நக்கவில்லை. என் பைக்குள் தலையை விட்டு, குடையை முகர்ந்து பார்த்தது. பிறகு என் முதுகுப் பக்கம் சென்று, முதுகோடு முதுகாக ஒட்டிப் படுத்துக்கொண்டது. சூடாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரோ என்மேல் சாய்ந்துகொண்டார்கள். எழுந்திருக்க மனம் வரவில்லை, முழங்கால் மேல் பழியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சொன்னதையெல்லாம் பார்த்தேன். கண் பளிச்சென்று இருந்தது, ஈறு ரோஜா நிறம், காதில் நாற்றமில்லை. பல்லில்தான் காரை. எனக்கும்தான்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றேன்.

சுடரொளி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "தீபாவளிக்கு முன்னாடி எந்த நாயும் குடுக்கறதில்லம்மா. வெடிச் சத்தத்துல புது வீட்ட விட்டு ஓடிரும். அப்புறம், உங்களுக்கு அப்புறம் யாரு?"

"என்னது?"

"அறுபத்தஞ்சு தாண்டினவங்க யாரு வந்தாலும் கேக்கறதுதான். உங்களுக்கு முடியாம போனா இதை எடுத்துக்க ஒரு ஆள் வேணும். அவங்க நேர்ல வரணும், இவன்கூட உக்காரணும். நான் பாக்கணும்."

"சீக்கிரம் போயிருவேன்னு சொல்றியாம்மா?"

"பத்து நாள் ஆஸ்பத்திரில படுத்தாலே இவனுக்குச் சோறு யாரு போடுவா? ஸ்ரீரங்கத்துல ஒரு பெரியவர் தனியா இருந்து இவன வளத்தாரு. அவர் போனதும் பசங்க வந்து காரியத்த முடிச்சாங்க, வீட்டப் பூட்டினாங்க, போயிட்டாங்க. இவன் கேட்டுக்கு வெளியிலயே உக்காந்திருந்தான். ரெண்டாவது தடவை அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"போன்ல சொல்லச் சொன்னா போதாதா?"

"போன்ல யாரு வேணா என்ன வேணா சொல்லுவாங்க" என்றாள். அது உண்மைதான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 14, திங்கள்

மயிலாடுதுறைக்கு, என் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "நாய்க்கு வாரிசா? அத்தை, உங்களையே வந்து பாக்க முடியலன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்!" நல்ல பையன்தான். கவலைப்படுகிறான்.

மாடி வீட்டுக்காரர்கள் மார்ச்சில் காலி செய்கிறார்கள். காதர் டாக்டர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் பட்டியல் அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வியாழன்

ஒரே மழை. கரண்ட் இல்லை. இன்னும் ஒருத்தி இருக்கிறாள், அவளை விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியும்.

பிலோவின் அடக்கத்தன்று, மாதா கோயில் வாசலில் புதிதாய் வந்திருந்த சாமியார் என்னைப் பார்த்து, "இறந்தவங்களுக்கு இவங்க என்ன உறவு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிலோவின் தம்பி அந்தோணிசாமி சொன்னார்: "அக்காகூட வேலை பாத்தவங்க, ஃபாதர்." பொய் இல்லை. கூட வேலை பார்த்தவள்தான். சாமியார் தலையசைத்துவிட்டு உறவுக்காரர்களை முன்னால் போகச் சொன்னார். நான் பின்வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ரெஜினா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

எனக்கு அந்தோணிசாமி மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. ரெஜினா மேல்தான் வந்தது. "அத்தை, அத்தை" என்று இந்த வீட்டில் என் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள். அதற்குப் பிறகு அவள் பல தடவை போன் செய்தாள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணி அடித்தால் எடுக்காமல் இருப்பது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கொஞ்ச நாளில் அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது போய் நாய்க்காக என்று எப்படி நிற்பது?

அக்டோபர் 20, ஞாயிறு

ரெஜினா நம்பரை ஐந்து இலக்கம் வரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். திருச்சியில் பாதிப் பேரை மீதிப் பேரோடு இணைத்துவிட்டவள் நான்.

அக்டோபர் 24, வியாழன்

பட்டாணியைப் பார்த்துவிட்டு வந்தேன். பிஸ்கட் கொண்டுபோனேன். சுடரொளி திட்டினாள். அவித்த முட்டை கொண்டுவரலாமாம். "ஆள் கிடைச்சாங்களாம்மா?" என்றாள். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கிளம்பும்போது அது கேட் வரை வந்து, கேட்டுக்கு வெளியே என் பக்கமாகத் தலையை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

வடை சுட்டேன். மூன்று போதும் என்றாலும் பழக்கத்தில் மாவு நிறைய அரைத்துவிட்டேன்.

வெடிச் சத்தம் தாங்கவில்லை. தீபாவளியென்றால் ஹலோ கட்டிலுக்கடியில் போய்விடும். பிலோவும் கூடவே கட்டிலுக்கடியில் படுத்து, அதன் காதைப் பொத்திக்கொண்டு, மாதா பாட்டெல்லாம் பாடுவாள். எங்கள் வீட்டுத் தீபாவளி அதுதான். நான் வெளியிலிருந்து பலகாரத் தட்டைத் தள்ளிவிடுவேன்.

காப்பகத்துக்குப் போன் செய்து, பட்டாணி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அறையில் விட்டு ஃபேனைப் போட்டிருக்கிறோம், நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள் சுடரொளி. மேலும், "தீபாவளி முடிஞ்சதும் இன்னொருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காருமா. உங்களுக்காகக் கொஞ்சம் தள்ளிப்போட்டு வச்சிருக்கேன். பத்தாம் தேதிக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள்.

எனக்கு அந்த நாய் வேண்டும். திருட்டுக்காக இல்லை. விழுந்து கிடந்தால் யாராவது பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். இன்று கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குடும்பங்கள் சாயங்காலம்தான் வரும், அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று விடிந்ததும் மரிக்கொழுந்து வாங்கிக்கொண்டு போனேன். டூட்டிக்குப் போகும்போது பிலோவின் பின்னலில் அதுதான் இருக்கும்.

கல்லறைக் கல்லை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். பெயர், பிறப்பு, இறப்பு. கீழே, "உம் பிரிவால் வாடும் தம்பி குடும்பத்தார்." வாடட்டும், அதற்கும் உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், பின்னால் பக்கெட்டும் விளக்குமாறுமாக ரெஜினா நிற்கிறாள். அவர்களும் கூட்டத்துக்கு முன்னால் கழுவிவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் அந்தோணிசாமி. தளர்ந்துவிட்டார், கையில் தடி.

"எப்படி இருக்கீங்க அத்தே?" என்றாள்.

நாய் விஷயத்தைக் கேட்க வேண்டும், பதமாக ஆரம்பிக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். "பாத்ரூம்ல விழுந்துட்டேன் ரெஜி" என்று வந்துவிட்டது.

அவள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப? யாருகிட்ட சொன்னீங்க?" என்றாள். நான் கல்லிலிருந்த பெயரைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு அப்பா அப்படிச் சொன்னப்ப நான் வாயத் தொறக்கலத்தே. அத்தனை பேருக்கு நடுவுல பயந்துட்டேன். அதச் சொல்லத்தான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். நீங்க எடுக்கல."

"நான் எடுத்திருக்கணும்" என்றேன்.

அந்தோணிசாமி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். கல்லைக் கழுவி முடித்ததும் மெழுகுவத்திப் பெட்டியைப் பிரித்தார். முதல் வத்தியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஏத்துங்க. அக்காவுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை ரெஜினா கையைக் குவித்துக்கொண்டாள், நின்றது.

வாசலுக்கு வந்த பிறகு நாயைப் பற்றிச் சொன்னேன். சுடரொளி கேட்ட கேள்வியையும் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லு. உனக்கும் குடும்பம் இருக்கு" என்றேன்.

"ஹலோ மாதிரி வெள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்லடி. பாக்க சகிக்காது" என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ரெஜினா காலையிலேயே வந்துவிட்டாள். அவள் வீட்டில் பேசிவிட்டாளாம், சரி என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு அவித்த முட்டையோடு போனோம்.

சுடரொளி ரெஜினாவைப் பாயில் உட்காரவைத்து, பட்டாணியை அவிழ்த்துவிட்டாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்காக வெளியே நிற்கிற மாதிரி வேப்பமரத்தடியில் நின்றேன். பட்டாணி ரெஜினாவைச் சுற்றி வந்தது. பையை முகர்ந்தது. முட்டை இருந்தும் எடுக்கவில்லை. அவள் கொஞ்சவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. சின்ன வயதில் ஹலோவிடம் பழகிய பழக்கம். நாய் தானாக வரும் வரை கையை நீட்டக்கூடாது என்று பிலோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கடைசியில் அது போய் அவள் முதுகோடு முதுகாகப் படுத்தது. எனக்கு மூச்சு வந்தது.

சுடரொளி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தாள். "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று ரெஜினாவிடம் கேட்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"எங்க அத்தை" என்றாள் ரெஜினா.

"சொந்த அத்தையா? அப்பாவோட தங்கச்சியா?"

"எனக்கு ரெண்டு அத்தைங்க. ஒருத்தங்க போன வருஷம் இறந்துட்டாங்க. இவங்க இன்னொரு அத்தை." அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, விளக்கவும் இல்லை. அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

சுடரொளி மேற்கொண்டு கேட்கவில்லை. "இவங்களுக்கு அப்புறம் இவன நீங்க பாத்துக்குவீங்களா?" என்றாள்.

"அப்புறம் என்ன அப்புறம்? இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரத்தான் போறேன். ரெண்டு பேரையும் பாத்துக்கறேன்."

பட்டாணி ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து வந்தது. மூத்திரம் போகவில்லை. ஆறு வயது ஆள், நாகரிகம் தெரிந்தவன்.

நவம்பர் 11, திங்கள்

காதர் டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சு, வயிறு, கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, பல்லை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பெயர் என்ன என்று கேட்டார். "பட்டாணியேதான். ஹலோ ஒண்ணுதான்" என்றேன். போகும்போது வாசலில் நின்று, "இதுக்கும் ரெண்டு அம்மாதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

கேட்டருகே யாரோ நடமாடினார்கள். நான்தான் எழுந்துபோய்ப் பார்த்தேன், கொரியர்காரர். பட்டாணி புரண்டு படுத்துக்கொண்டது. திருட்டுக்கு ஆகாது.

சாயங்காலம் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்து "ஹலோ" என்றேன். பட்டாணி அசையவே இல்லை. இதற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமில்லை. ரெஜினாதான் பேசினாள். "என்ன பண்றான்?" என்றாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். செருப்பைக் கடித்தது, மிக்ஸி போட்டால் பூஜை அலமாரிக்குள் புகுந்துகொள்வது, தயிர்சாதத்தில் தயிரை மட்டும் நக்கிவிட்டுப் போவது, கட்டிலில் பிலோ பக்கம் ஏறிப் படுப்பது, எல்லாக் குற்றச்சாட்டையும் வரிசையாகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நிறுத்தினேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்ட குரல் ஒன்று கேட்டது: "மேடம், மூணு நிமிஷம் ஆயிடுச்சு. கட் பண்ணட்டுமா, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?"

அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். பட்டாணி எழுந்து வந்து என் பாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"எக்ஸ்டெண்ட் பண்ணும்மா" என்றேன்.